பழைய வேன், புதிய பயணம்: சிறு செலவில் வண்டியின் உட்புறத்தைப் புதுப்பிக்கும் முறை

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தின் தெருக்கள் குறுகலானவை. தமிழ்நாட்டிலிருந்து ஆலை வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்து, தலைமுறைகளாக இங்கேயே வேரூன்றிவிட்ட குடும்பங்கள் பல இத்தெருக்களில் வாழ்கின்றன. புரட்டாசியில் திருப்பதி, கார்த்திகையில் சபரிமலை, மார்கழியிலும் தையிலும் மேல்மருவத்தூர், கோடை விடுமுறையில் வேளாங்கண்ணி என இவர்களுடைய ஆண்டு, பயணங்களால் அளக்கப்படுகிறது. அப்பயணங்களுக்குத் துணை நிற்பவை பன்னிரண்டு பேர் அமரக்கூடிய வேன்கள்.

அத்தகைய வேன் ஒன்றை வைத்துப் பிழைக்கும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். வண்டிக்கு வயது பத்து. எஞ்சின் நன்றாக ஓடுகிறது, கடனும் தீர்ந்துவிட்டது. ஆனால் இருக்கைகள் அமுங்கிவிட்டன; கூரைத் துணி தொங்குகிறது; மழை பெய்தால் பின்னிருக்கையில் நீர் சொட்டுகிறது. சென்ற ஆண்டு வந்த குருசாமி இவ்வாண்டு வேறு வண்டி பேசிவிட்டார். புது வண்டி வாங்க வசதியில்லை. கையில் இருப்பதும் கடனாகப் பெறக்கூடியதும் சேர்ந்து ஒரு இலட்சம் ரூபாய். இத்தொகையை எங்கே, எந்த வரிசையில் செலவிடுவது? இதுவே இக்கட்டுரையில் நாம் ஆராயவிருக்கும் வினா.

மேலை நாடுகளில் காரின் பின்னால் இழுத்துச் செல்லும் பயண வீடுகள் பெருவழக்கு. பழையதாகிவிட்ட அவ்வண்டிகளின் உட்புறத்தைக் குடும்பத்தாரே சிறு செலவில் புதுப்பித்துக்கொள்வதும் அங்கு வழக்கமே. நம் நாட்டில் இழுவை வீடுகள் அரிது. மைய அரசின் சுற்றுலாத் துறை 2010இலும், கேரள அரசு 2021இலும் காரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்திருப்பினும், நம் குடும்பங்களின் பயண வீடு இன்றும் வாடகை வேன்தான். எனினும் இரண்டிலும் பாடம் ஒன்றே: கண்ணுக்குத் தெரியாதவற்றை முதலில் சரிசெய், கண்ணுக்குத் தெரிபவற்றைப் பின்னர் அழகு செய். இவ்வரிசை மாறினால் செலவிட்ட பணம் ஒரே மழைக்காலத்தில் வீணாகும்.

முதலில் நீரைத் தேடுவோம்

பழைய வண்டியின் முதற்பகை நீர். கூரைத் தகடுகள் இணையும் மடிப்பு, சன்னல் கண்ணாடியைச் சுற்றியுள்ள இரப்பர் பீடிங், கூரைமேல் சாமான் கம்பியைப் பொருத்திய ஆணித் துளைகள், பின்கதவின் விளிம்பு ஆகியவையே பெரும்பாலும் கசிவின் வாயில்கள். கண்டறியும் முறை எளிது. ஒருவர் உள்ளே கைவிளக்குடன் அமர, மற்றொருவர் வெளியே குழாய்நீரைக் கீழிருந்து மேலாக, ஒவ்வொரு பகுதியிலும் சில நிமிடங்கள் பாய்ச்ச வேண்டும். மேலிருந்து தொடங்கினால் நீர் வழிந்து எல்லா இடங்களையும் நனைத்துவிடும். கசிவின் இடம் புலப்படாது.

அடுத்துத் தரை. விரிப்பை முழுவதுமாக எடுத்துவிட்டுப் பார்க்க வேண்டும். பலகையைத் திருப்புளியால் குத்தினால் எளிதில் இறங்குமிடம் உளுத்துவிட்ட இடம். கீழுள்ள தகட்டில் துரு இருப்பின் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வண்ணம் அடிக்க வேண்டும். துளை விழுந்திருந்தால் டிங்கரிங் பட்டறையில் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். பற்றவைக்கும்போது அருகிலுள்ள ஃபோம், துணி, மின்கம்பிகள் யாவும் அகற்றப்பட்டிருக்க வேண்டும். பேட்டரி இணைப்பும் கழற்றப்பட்டிருக்க வேண்டும்.

உளுத்த பலகைக்கு மாற்றாக ஐ.எஸ். 710 முத்திரை கொண்ட மெரைன் பிளைவுட் ஏற்றது. விலை சற்று அதிகமே. ஆயினும் ஈரத்தில் ஒட்டு விடாது. இங்கு எடையையும் கருத வேண்டும். எட்டடிக்கு நான்கடி அளவுள்ள 12 மில்லிமீட்டர் பலகை ஒன்று ஏறத்தாழ 24 கிலோ. 18 மில்லிமீட்டர் பலகையோ ஏறத்தாழ 36 கிலோ. உறுதியாக இருக்கட்டும் என்று ஐந்து தடித்த பலகைகளை உள்ளே அடைத்தால், மூன்று பெரியவர்களின் எடையை ஆண்டு முழுவதும் வாடகையின்றிச் சுமப்பதாகும். டீசலும் பிரேக்கும் அதன் விலையைச் செலுத்தும்.

பெங்களூரில் பெருமழை பெரும்பாலும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் பெய்கிறது. ஆகவே கசிவு வேலையை ஆடி, ஆவணிக்குள் முடித்துவிடுவது நன்று. அடைத்த இடங்கள் நன்கு காய்ந்து, மீண்டும் ஒருமுறை நீர்ச்சோதனையில் தேறிய பின்னரே மற்ற வேலைகளைத் தொடங்க வேண்டும்.

மின்கம்பிகள்: அழகின் பின்னால் ஒளிந்திருக்கும் ஆபத்து

2013 அக்டோபர் 30ஆம் நாள் விடியற்காலையில், பெங்களூரிலிருந்து ஐதராபாத் சென்ற ஒரு தனியார் சொகுசுப் பேருந்து மகபூப்நகர் மாவட்டம் பாலெம் அருகே சிறுபாலத்தில் மோதித் தீப்பற்றியது. 45 பேர் உயிரிழந்தனர். மோதலில் டீசல் தொட்டி உடைந்ததே தீயின் தொடக்கம். ஆனால் தீ எவ்வாறு தொடங்கினாலும், அது உட்புறத்தில் எவ்வளவு விரைவாகப் பரவுகிறது, வெளியேறும் வழி திறந்திருக்கிறதா என்னும் இரண்டுமே உள்ளிருப்போரின் உயிரை முடிவு செய்கின்றன. உட்புறத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொருவரும் இதனை நினைவில் கொள்ள வேண்டும்.

பத்தாண்டு ஓடிய வண்டியில் பாட்டுப் பெட்டி, வண்ண விளக்கு, கைப்பேசி சார்ஜர் என்று அவ்வப்போது இழுத்த கம்பிகள் பல இருக்கும். எரிந்துபோன ஃபியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றிவைத்திருப்பதும் உண்டு. இவை அனைத்தையும் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனைக் கொண்டு அகற்றிவிட்டுப் புதிதாக இழுப்பதே சிக்கனம். ஒவ்வொரு பிரிவுக்கும் தனி ஃபியூஸ். அது பேட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும். தகட்டுத் துளையினூடே கம்பி செல்லுமிடங்களில் இரப்பர் வளையம் வேண்டும். தரை விரிப்பின் கீழும் கூரைத் துணியின் பின்னும் டேப் சுற்றிய இணைப்புகள் இருத்தல் ஆகாது.

விளக்குகளை எல்.இ.டி.யாக மாற்றுவது செலவு குறைந்த, பலன் மிகுந்த மாற்றம். 21 வாட் பழைய பல்புகள் ஆறு எரிந்தால் 126 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து பத்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். 4 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஆறும் சேர்ந்து 24 வாட். இரண்டு ஆம்பியர் போதும். கம்பி சூடாவதில்லை, இரவில் வண்டியை நிறுத்தி ஓய்வெடுக்கும்போது பேட்டரியும் எளிதில் இறங்குவதில்லை.

இருக்கைகள்: பயணியின் நினைவில் நிற்பவை

இருக்கையைப் புதுப்பிக்கும்முன் அதன் இரும்புச் சட்டத்தை ஆராய வேண்டும். தரையில் முடுக்கிய போல்ட்டுகள் தளர்ந்துள்ளனவா, பற்றவைத்த இடங்களில் விரிசல் உண்டா என்று பார்ப்பது முதற்பணி. சட்டம் உறுதியாயிருப்பின் புது இருக்கை வாங்க வேண்டியதில்லை. ஃபோமையும் உறையையும் மாற்றினால் போதும்.

இதிலும் சிக்கனத்துக்கு இடமுண்டு. எடையைத் தாங்குவது அமரும் பகுதி. அதுவே முதலில் அமுங்கும். அதற்கு ஒரு கன மீட்டருக்கு 40 கிலோ அடர்த்தியுள்ள ஃபோம் இடலாம். சாயும் பகுதியின் ஃபோம் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். உறையை மட்டும் மாற்றலாம். அடர்த்தி குறைந்த ஃபோம் கடையில் மெத்தென்று தோன்றும். ஒரு சபரிமலைப் பயணம் முடிவதற்குள் பலகைபோல் ஆகிவிடும். ஆகவே குஷன் கடையில் அடர்த்தி எவ்வளவு என்று கேட்டு, அதனைப் பட்டியலில் எழுதச் சொல்ல வேண்டும்.

உறைக்கு ரெக்சின் துடைக்க எளிது; குழந்தைகளுடன் செல்லும் வண்டிக்கு உகந்தது. கோடையில் வியர்க்கும் என்பதால் முதுகும் தொடையும் படும் இடங்களில் நுண்துளையுள்ள ரெக்சினையோ துணியையோ வைத்துத் தைக்கலாம். இருக்கைப் பட்டையின் கொக்கி உறையினுள் புதைந்துவிடாமல் வெளியே நிற்கிறதா என்று வண்டியை எடுக்கும்முன் ஒவ்வொரு இருக்கையிலும் சோதிக்க வேண்டும். பெங்களூரில் ஜே.சி. சாலை வண்டி உதிரிப் பாகங்களுக்கும் உள்அலங்காரப் பொருள்களுக்கும் பெயர் பெற்றது. ரெக்சினையும் ஃபோமையும் அங்கு நேரில் தேர்ந்து வாங்கி, தையல் கூலியைத் தனியே பேசுவது பலருக்குக் கட்டுப்படியாகும்.

சுவரும் கூரையும்

தொங்கும் கூரைத் துணியை ஆணியடித்து நிறுத்துவது தீர்வாகாது. பழைய துணியையும் பொடிந்த பசையையும் முழுவதும் நீக்கிவிட்டுப் புதுத்துணி ஒட்ட வேண்டும். நெகிழிப் பலகைகள் மங்கியிருந்தால் புதியவை வாங்க வேண்டியதில்லை. சோப்பு நீரில் கழுவி, 400 எண் உப்புத்தாளால் தேய்த்து, நெகிழிக்குரிய பிரைமர் பூசி, மெல்லிய பூச்சாக இருமுறை வண்ணம் அடித்தால் புதியவைபோல் ஆகும். வெளிர்நிறம் சிறிய இடத்தைப் பெரிதாகக் காட்டும். தரைக்கு மட்டும் அழுக்கு தெரியாத அடர்நிறமும் வழுக்காத பரப்பும் தேவை.

துணியோ ஃபோமோ வாங்கும்முன் ஒரு சிறு சோதனை செய்யலாம். இரண்டு அங்குலத் துண்டு ஒன்றைத் திறந்த வெளியில், அருகில் ஒரு வாளி நீர் வைத்துக்கொண்டு, குறடால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்ட வேண்டும். சுடரை எடுத்த பின்னும் வேகமாக எரிந்து, உருகிச் சொட்டினால் அப்பொருள் வண்டிக்குள் நுழையத் தகாதது. இது ஆய்வகச் சோதனைக்கு ஈடன்று. தவறான பொருளைத் தள்ளுவதற்கு மட்டுமே உதவும். வாகன உட்புறப் பொருள்கள் தீயைத் தாங்கும் தன்மைக்கென ஐ.எஸ். 15061 என்னும் இந்தியத் தரநிலை உள்ளது. அதற்கு இணங்கிய பொருளா என்று விற்பனையாளரிடம் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. தெர்மகோல் அட்டையைக் கூரைக்குள் செருகி வெப்பம் தணிக்கும் வழக்கத்தை அறவே தவிர்க்க வேண்டும்.

அவசரக் கதவையும் சன்னலையும் அலங்காரத்தாலோ சாமான்களாலோ மறைக்கக் கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள தீயணைப்பான் ஓட்டுநரின் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். அதன் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் பார்க்க வேண்டும். வழியில் சமைத்துக்கொள்ளலாம் என்று உள்ளே எரிவாயு உருளைக்கு இடம் அமைப்பது எக்காரணம் கொண்டும் கூடாது.

சட்டம் வகுத்த எல்லை

மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஓட்டுநரைத் தவிர்த்து ஆறு பேருக்கு மேல், பன்னிரண்டு பேர் வரை வாடகைக்கு ஏற்றிச் செல்லும் வண்டியை அச்சட்டம் ‘மேக்சி கேப்’ என்கிறது. பன்னிரண்டு இருக்கைக்குப் பதிவான வண்டியில் நடைவழியில் பதின்மூன்றாவது இருக்கை போடுவதும், இருக்கைகளை அகற்றிப் படுக்கை அமைப்பதும், கூரையை உயர்த்துவதும் உட்புறப் புதுப்பிப்பு ஆகா. அவை வண்டியின் தன்மையையே மாற்றுவன. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் முன் அனுமதியின்றிச் செய்யத் தகாதன. உறை, ஃபோம், விரிப்பு, உள்விளக்கு, வண்ணம் ஆகியவற்றை அதே இடத்தில் அதே அளவில் புதுப்பிப்பது வேறு. சன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டுவதை உச்ச நீதிமன்றம் 2012இலேயே தடை செய்துள்ளது.

இவ்வெல்லையை மீறினால் இழப்பு அபராதத்தோடு நிற்பதில்லை. விபத்து நேரிட்டால் காப்பீட்டு நிறுவனம் இழப்பீட்டை மறுக்க வாய்ப்புண்டு. எட்டு ஆண்டு கடந்த வாடகை வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும் என்பதால், அங்கும் தடை ஏற்படும். ஐயம் எழும் எந்த மாற்றத்துக்கும் வேலைக்கு முன்னரே போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டறிவது நலம். வண்டி மீது கடன் நிலுவையிருப்பின் வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

ஒரு இலட்சத்தின் பங்கீடு

மேற்கண்டவற்றை ஒரு மாதிரிக் கணக்கில் வைப்போம். விலைகள் வண்டிக்கு வண்டி, கடைக்குக் கடை மாறும். பங்கீட்டின் வரிசையே இங்கு முக்கியம்.

கசிவு, துரு, தரை: 25,000 ரூபாய்
மின்கம்பி, விளக்கு: 15,000 ரூபாய்
இருக்கைகள்: 35,000 ரூபாய்
கூரை, சுவர், திரை: 10,000 ரூபாய்
தீயணைப்பான், முதலுதவி, அவசர வழி: 5,000 ரூபாய்
எதிர்பாராச் செலவு: 10,000 ரூபாய்

தொகையில் நாற்பது விழுக்காடு கண்ணுக்குத் தெரியாத இரண்டு வேலைகளுக்குப் போகிறது என்பதைக் காணலாம். கையிருப்பு ஐம்பதாயிரம் மட்டுமே எனில், வரிசையின் முதல் இரண்டையும் பாதுகாப்புக் கருவிகளையும் இவ்வாண்டு முடித்து, இருக்கைகளை அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கலாம். இருக்கையை முதலில் தைத்துவிட்டுக் கசிவை ஒத்திவைப்பதுதான் தவறு.

வேலைக்கு மூன்று பட்டறைகளில் விலைப்புள்ளி பெற வேண்டும். முழுத்தொகையையும் முன்பணமாகத் தராமல், தரை முடிந்தபின் ஒரு பகுதி, இருக்கை முடிந்தபின் ஒரு பகுதி என்று வேலைக்கேற்பத் தரலாம். ஒவ்வொன்றுக்கும் முறையான பட்டியல் பெற்று வைத்தல் கடனுக்கும் கணக்குக்கும் உதவும். வண்டி நிற்கும் நாள்களின் வருமான இழப்பும் செலவே; எனவே முடிக்க வேண்டிய நாளையும் எழுத்தில் பெற வேண்டும்.

கடன் வாங்கும்போது

அவசரத்தில் பலர் ‘அஞ்சு வட்டி’க்குப் பணம் வாங்குகின்றனர். நூறு ரூபாய்க்கு மாதம் ஐந்து ரூபாய் என்பது காதுக்குச் சிறிதாகக் கேட்கும். ஆண்டுக்கு அது 60 விழுக்காடு. ஒரு இலட்சத்துக்கு மாதம் 5,000 ரூபாய் வட்டி. இரண்டு ஆண்டுகளில் 1,20,000 ரூபாய் செலுத்திய பின்னும் அசல் ஒரு இலட்சம் அப்படியே நிற்கும்.

அதே ஒரு இலட்சத்தை ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியில் வங்கியில் பெறுவதாகக் கொள்வோம். 24 மாதங்களுக்கு மாதத் தவணை ஏறத்தாழ 4,707 ரூபாய். இரண்டு ஆண்டுகளில் அசலும் வட்டியுமாக 1,12,976 ரூபாயோடு கடன் தீர்ந்துவிடும். வெளியில் கட்டும் வெறும் வட்டியைவிடக் குறைந்த தொகையில் இங்கு அசலே அடைபடுகிறது. தவணையை 36 மாதமாக்கினால் மாதத் தொகை 3,321 ரூபாயாகக் குறையும்; ஆனால் மொத்த வட்டி ஏறத்தாழ 6,600 ரூபாய் கூடும். பருவகால வருமானம் உடையவர்கள் இரண்டையும் எடைபோட்டு முடிவு செய்ய வேண்டும். உண்மையான வட்டி விகிதம் கடன் வகையையும் காலத்தையும் பொறுத்தது.

வருமானம் ஈட்டும் சிறுதொழில்களுக்காக 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கப்பட்ட பிரதம மந்திரி முத்ரா திட்டத்தில், சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரையும், கிசோர் பிரிவில் அதற்கு மேல் 5 இலட்சம் ரூபாய் வரையும் பிணையமின்றிக் கடன் பெற விண்ணப்பிக்கலாம். பதிவுச் சான்று, அனுமதிச் சீட்டு, காப்பீடு, தகுதிச் சான்று, பட்டறையின் விலைப்புள்ளி, கணக்கு விவரம் ஆகியவற்றுடன் கிளையை அணுகினால் தகுதியை ஆராய்ந்து வழிகாட்டுவார்கள். பயண முன்பணத்தைக் கணக்கு வழியே பெறும் பழக்கம் இருப்பின் வருமானத்தை மெய்ப்பிப்பது எளிதாகும்.

தொடக்கத்தில் நாம் எண்ணிப் பார்த்த வண்டிக்காரரிடம் மீண்டும் வருவோம். ஆவணியில் கசிவை அடைத்து, கம்பிகளை மாற்றி, புரட்டாசிக்குள் இருக்கைகளைத் தைத்து முடித்துவிட்டால், அவருடைய வண்டி கார்த்திகை முதல் நாளுக்கு ஆயத்தமாக நிற்கும். புது வண்டியின் பளபளப்பு அதற்கு இராது. ஆனால் மழையில் ஒழுகாது. இரவில் தீப்பொறி கக்காது. முதியவர் ஒருவர் பத்து மணி நேரம் அமர்ந்து சென்றாலும் முதுகு நோகாது. வேறு வண்டி பேசிய குருசாமி அடுத்த ஆண்டு திரும்பி வருவதற்கு அவை போதும். அவர் வரும்வரை மாதத் தவணை தவறாமல் செல்ல வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.